எந்தப் பீரங்கி?

"அண்ணே, அந்தப் போனை வெச்சுத் தொலை. அப்பாவுக்கு வாய் மூடல."

தங்கை உள்ளேயிருந்து கத்தியது வெல்டருக்குக் கேட்டது. கேட்டும் அவர் போனை வைக்கவில்லை. தானே செய்து போட்ட மாடிப்படிக் கைப்பிடிக் கம்பியில் சாய்ந்தபடி பாட்டுக் கேட்டுக்கொண்டு நின்றார். படைவீரர் சங்க ஆபீசில் 'கொஞ்சம் லைன்ல இருங்க' என்று சொல்லிவிட்டுப் போட்டுவிட்டுப் போன பாட்டு. அப்பன் செத்துக் கிடக்கிற வீட்டு வாசலில் மகன் நின்று பாட்டுக் கேட்கிறான். பார்க்கிறவன் என்ன நினைப்பான்? நினைத்துவிட்டுப் போகட்டும்.

"சார், இருக்கீங்களா?" சங்கத்துச் செயலாளரின் குரல் திரும்பி வந்தது. "எந்தப் பிரிவு, என்ன நம்பர், ஏதாவது ஒண்ணு சொல்லுங்க. ஒண்ணுமே இல்லாம எப்படிக் கொடியைத் தூக்கிட்டு வர்றது?"

"பீரங்கிப் படை. அதைத்தான் தொண்டை கிழியச் சொல்லிட்டிருக்கேன்."

"அதுல உங்கப்பா பேரு இல்லியே சார். எத்தனை தடவை பாக்கிறது?"

"இல்லேன்னா எழுதினவன் விட்டிருப்பான். குண்டு விழும்போது அவனவன் உசுரைக் கையில பிடிச்சிட்டு ஓடுவானா, உக்காந்து பேரு எழுதிட்டிருப்பானா?"

செயலாளர் பெருமூச்சு விட்டார். அந்தப் போரைப் பார்த்த ஆள் சங்கத்தில் ஒரே ஒருவர்தான் மிச்சம் இருப்பதாகவும், அந்தப் பெரியவரைக் கூட்டிக்கொண்டு வருவதாகவும் சொன்னார். அவர் அப்பாவின் முகத்தைப் பார்த்து ஆமாம் என்று சொல்லிவிட்டால் போதும், சவப்பெட்டி மேல் கொடி போர்த்தலாம்.

"சாயங்காலம் வண்டி வந்துரும். அதுக்குள்ள வாங்க," என்று சொல்லிவிட்டு வெல்டர் உள்ளே போனார்.

விடியும்போது போன உயிர். வெயில் ஏறிவிட்டது. கட்டிலில் அப்பா வாயைத் திறந்துகொண்டு, யாரோ சொன்ன பொய்யைக் கேட்டு அசந்துபோனவர் மாதிரி கிடந்தார். அம்மா கால்மாட்டில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். தங்கை கையில் ஒரு துணிக்கீற்றை வைத்துக்கொண்டு எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் நின்றாள்.

இதில் ஒரு சங்கடம். இந்தக் கட்டடத்தில் யார் செத்தாலும் முதல் ஆளாகக் கூப்பிடுவது அப்பாவைத்தான். அவர் வந்து கதவைச் சாத்துவார். கண்ணை மூடுவார், தாடையைக் கட்டுவார், மடங்கின கையை நோகாமல் நீட்டுவார். கடைசியாக, கழுவின இருமல் மருந்து பாட்டில் ஒன்றில் பெயர் எழுதின சீட்டைப் போட்டு, கார்க்கு அடைத்து, செத்தவரின் இடது கைக்குள் வைத்துவிட்டு வருவார். ஆரம்பத்தில் கிழவனுக்குக் கிறுக்கு என்று சிரித்தார்கள். போகப் போக அது இல்லாமல் யாரும் மண்ணுக்குப் போவதில்லை என்று ஆகிவிட்டது. கீழ்வீட்டுக்காரன் ஒருவன் மாமியார் செத்தபோது, "நல்லா இறுக்கி அடைங்க பெரியவரே, வெளிய வந்துடப் போறாங்க" என்றான். அப்பா சிரிக்கவில்லை. அவருக்குக் கேட்டதோ என்னவோ. இடது காது சுத்தமாகக் கேட்காது.

இப்போது அந்த வேலைக்கு யாரைக் கூப்பிடுவது?

பக்கத்து வீட்டுத் தையல்கார அம்மாள்தான் துணிக்கீற்றைப் பிடுங்கினாள். விறைத்துப்போன தாடையைத் தூக்கிக் கட்டினாள். அவளுக்குப் பழகின முடிச்சு, கன்னத்தோரம் பட்டாம்பூச்சி மாதிரி வந்து உட்கார்ந்தது. பல்வலிக்காரர் மாதிரி ஆகிவிட்டார் அப்பா.

"உச்சந்தலையில போடுவாரு முடிச்சு," என்றாள் அம்மா. அவ்வளவுதான் சொன்னாள்.

வெல்டருக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. முடிச்சின் மேல் இல்லை, எல்லாவற்றின் மேலும்.

அவருடைய எரிச்சலுக்குக் காரணம் இருந்தது. எதிர்க் கட்டடத்தில் ஒரு பழைய பட்டாளத்து லாரி டிரைவர் செத்தபோது ஆரம்பித்தது இது. சீருடை போட்டவர்கள் வந்தார்கள். கொடி போர்த்தினார்கள். ஊதுகுழல் ஊதினார்கள். தெருவே எழுந்து நின்றது. அப்பா ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. வெல்டர் பக்கத்தில் நின்று மனசுக்குள் பொருமினார். லாரி ஓட்டினவனுக்கே இது என்றால், பீரங்கிக்குப் பக்கத்தில் நின்று காதைப் பறிகொடுத்த மனிதனுக்கு என்ன குறைச்சல்?

அப்பா போருக்குப் போனது எல்லாருக்கும் தெரியும். தெருவில் அவருக்குப் பெயரே 'பட்டாளத்தார்'தான். காது போனது பீரங்கியால் என்பதும் எல்லாருக்கும் தெரியும். யார் முதலில் சொன்னது என்று கேட்டால் மட்டும் யாருக்கும் தெரியாது.

வெல்டர் அப்பாவைக் கேட்டார்.

"எந்தப் பீரங்கிப்பா? பெரிசா, சின்னதா?"

"போனேன். குழி வெட்டினேன். வந்தேன்."

"அது சரி. பீரங்கிப் படையில எந்தப் பிரிவுல இருந்தீங்க?"

"மழைடா. குழியெல்லாம் தண்ணி," என்றார் அப்பா. பிறகு செவிட்டுக் காதைத் திருப்பிக்கொண்டு படுத்துவிட்டார்.

பீரங்கியையும் குழி வெட்டித்தான் நிறுத்துவார்கள் என்று டீக்கடையில் எவனோ சொன்னான். அதுவும் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. வெல்டர் கிளம்பிவிட்டார். பட்டறையை மூடிவிட்டு ஆவண ஆபீசுக்குப் போனார். ஒரு ஜன்னலில் நின்றால் அடுத்த ஜன்னலுக்கு அனுப்பினார்கள். அடுத்த ஜன்னலில் சாப்பாட்டு நேரம் என்றார்கள். விண்ணப்பத்தில் 'எந்தப் படை' என்ற இடத்தில் பெரிய எழுத்தில் 'பீரங்கி' என்று எழுதிக் கொடுத்தார். இல்லை என்று பதில் வந்தது. மறுபடி எழுதிக் கொடுத்தார். மறுபடி இல்லை. பெயரைத் தப்பாகத் தேடுகிறார்கள் என்று சண்டை போட்டார். காவலாளி வந்து தோளைத் தொட்டு வெளியே அனுப்பினான்.

வெல்டர் லேசில் யாரையும் நம்புகிற ஆள் இல்லை. அவருடைய பட்டறையில் ஒட்டு வைத்த எந்தக் கேட்டும் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டாமல் வெளியே போகாது. தண்ணீர்த் தொட்டி என்றால் முக்கிப் பார்த்துக் குமிழி வருகிறதா என்று கவனித்த பிறகுதான் கொடுப்பார். அடுத்தவன் வைத்த ஒட்டு என்றால் இன்னும் ஓங்கித் தட்டுவார். குழியையும் பீரங்கியையும் சேர்த்துத் தானே வைத்த ஒட்டு ஒன்றைத்தான் அவர் தட்டிப் பார்க்கவே இல்லை.

தங்கையின் புருஷன் கூடத்தில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு நாற்காலி காட்டிக்கொண்டிருந்தார். ஏதோ ஆபீசில் தலைமை எழுத்தர். எதற்கும் ஒரு சிரிப்பு வைத்திருப்பார்.

"என்ன மச்சான், சங்கத்துல என்ன சொன்னாங்க?"

"வர்றாங்க."

"கொடியோடவா?"

"கொடியோடதான்."

"நான் அப்பவே சொன்னேனே, மாமா அங்க உருளைக்கிழங்கு உரிச்சிருப்பாருன்னு. சமையல் பிரிவுல கேட்டுப் பாத்தீங்களா?"

"மாப்பிள்ளை, இன்னைக்கு ஒரு நாள் வாயைக் கட்டி வைங்க. துணி மிச்சம் இருக்கு."

மாப்பிள்ளை சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

செயலாளர் வந்தபோது மதியம் தாண்டிவிட்டது. அவர் கக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பை இருந்தது. அதற்குள் கொடி, இஸ்திரி மடிப்புக் கலையாமல். வெல்டரின் கண் நேராக அந்தப் பை மேல்தான் போனது. பின்னாலேயே நாலு கால் நடைச்சட்டத்தை ஊன்றிக்கொண்டு பெரியவர் ஏறினார். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று கைப்பிடிக் கம்பியைப் பிடித்து மூச்சு வாங்கினார்.

"கம்பி கெட்டியா இருக்கு," என்றார் மேலே வந்ததும்.

"நான் போட்டதுதான் ஐயா. உள்ள வாங்க. பாருங்க."

பெரியவர் கட்டிலருகே நின்று பார்த்தார். குனிந்து பார்த்தார். தாடைக் கட்டைக் கொஞ்சம் விலக்கியும் பார்த்தார்.

"தெரியல."

"நல்லாப் பாருங்க ஐயா. வயசுல மீசை இருந்திருக்கும்."

"மீசை எல்லாருக்கும்தான் இருந்துச்சு."

"இடது காது கேக்காது. பீரங்கி பக்கத்துலயே நின்னு போன காது."

"பீரங்கிக்காரன் எனக்குத் தெரியாம இருக்க மாட்டானே. நானும் அங்கதான் இருந்தேன்," என்றார் பெரியவர். "இந்த முகத்தை நான் பாத்ததில்லப்பா. பொய் சொல்லச் சொன்னா சொல்றேன். செத்தவர் முன்னால வேண்டாமேன்னு பாக்கிறேன்."

செயலாளர் பையை ஒரு கக்கத்திலிருந்து இன்னொரு கக்கத்துக்கு மாற்றினார். இவ்வளவு அலைந்து, இவ்வளவு சண்டை போட்டு, கொடி வீட்டுக்குள்ளேயே வந்து, ஒரு கிழவரின் 'தெரியல'வில் நிற்கிறது. சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

அந்த நேரம் பார்த்துத் தையல்கார அம்மாள் தலையை நீட்டினாள்.

"பெட்டி கீழ வந்துருச்சு. பாட்டில் யாரு வைக்கிறது?"

"இப்ப பாட்டில்தான் குறைச்சல்!" என்று வெல்டர் சீறினார்.

"ஏன் தம்பி கோவிச்சுக்கிறீங்க? எங்க வீட்டுக்காரருக்கு வெச்சாரு. மூணாம் மாடி டீச்சருக்கு வெச்சாரு. எல்லாருக்கும் வெச்சவருக்கு இல்லாம அனுப்புறதா?"

பெரியவர் திரும்பினார். "என்ன பாட்டிலும்மா?"

அவள் சொன்னாள். பெரியவர் நடைச்சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"பாட்டிலோட வாய் மேல பாக்கவா, கீழ பாக்கவா?"

"கீழதான். எப்பவும் கீழதான் வைப்பாரு. தண்ணி எறங்காதாம்."

"எழுதறது மையிலயா?"

"பென்சில்ல. பேனா குடுத்தேன், வேண்டாம்னுட்டாரு. மை ஊறிடுமாம்."

பெரியவர் மெல்ல நடந்து போய், அம்மா நகர்ந்து கொடுத்த ஸ்டூலில் உட்கார்ந்தார். மாப்பிள்ளைகூட வாசற்படிக்கு வந்து நின்றார்.

"இவரு பீரங்கிக்காரர் இல்லப்பா," என்றார் பெரியவர். "புதைக்கிற கோஷ்டி."

"என்னது?"

"நாங்க முன்னால போவோம். இவங்க பின்னால வருவாங்க. தோள்ல மண்வெட்டி, முதுகுல ஒரு கோணிப்பை நிறைய காலி பாட்டில். அது கிணுகிணுன்னு சத்தம் போடும். சத்தம் கேட்டாலே நாங்க மூஞ்சியைத் திருப்பிக்குவோம். அவங்களைப் பாத்தா அடுத்தது நீதான்னு ஒரு பேச்சு. எவனும் ஒரு பீடி குடுக்க மாட்டான். எங்க பக்கத்துல உக்கார விட மாட்டோம். அதான் முகம் தெரியல. தெரியாம இல்ல, பாக்கலை."

"எங்கண்ணன் அந்த மண்ணுலதான் கெடக்கான்," என்றார் பெரியவர். "சண்டையெல்லாம் ஓஞ்சு, தோண்டி ஒழுங்கா வரிசையில வெச்சப்போ, பேரோட கெடைச்சான். கையில பாட்டில் இருந்துச்சு. பக்கத்துல கெடந்தவங்களுக்குப் பேரில்லாத வெறும் கல்லுதான்."

"எங்கப்பா வெச்சதா?" வெல்டரின் குரல் அவருக்கே புதிதாக இருந்தது.

"யாருக்குத் தெரியும்? பாட்டில்ல செத்தவன் பேரைத்தான் எழுதுவாங்க. வெச்சவன் பேரையா எழுதுவாங்க?"

செயலாளர் தொண்டையைக் கனைத்தார். அந்தக் கனைப்பிலேயே வெல்டருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"அப்படி இருந்தா ஒரு சிக்கல் இருக்குங்க. அந்த ஆளுங்க பட்டாளத்துக் கணக்குல வர மாட்டாங்க. கூலிக்கு எடுத்தவங்க. பேருப் பதிவே கிடையாது. நமக்கு விதி என்னன்னா..."

"போருக்குப் போனாரா இல்லியா?"

"போயிருக்காரு. ஆனா..."

"என்னய்யா ஆனா? சண்டை போட்டவனுக்குக் கொடி, அவனைத் தூக்கிப் புதைச்சவனுக்கு ஒண்ணும் கிடையாதா?"

"நான் வெச்ச விதி இல்லைங்க."

"எந்த விதி? எத்தனாவது விதி?" என்றது ஒரு குரல். மாப்பிள்ளை. முகத்தில் அந்தச் சிரிப்பைக் காணோம். "நானும் ஆபீஸ்லதான் இருக்கேன். விதியைக் காட்டுங்க. 'கூலிக்கு எடுத்தவங்களுக்குக் கொடி கூடாது'ன்னு எங்க எழுதியிருக்கு?"

"கூடாதுன்னு எழுதலைங்க. யாருக்குன்னு எழுதியிருக்கு. அதுல இவங்க இல்ல."

மாப்பிள்ளைக்கே தெரிந்த பதில் அது. தினமும் யாரிடமாவது அவர் சொல்லி அனுப்புகிற பதில்.

பெரியவர் செயலாளரிடம், "என் கொடியை இவருக்குப் போட்டுரு. எனக்கு வரும்போது வேண்டாம்," என்றார்.

"அப்படியெல்லாம் மாத்திக்க முடியாதுங்க ஐயா."

"போங்க," என்றார் வெல்டர். "மடிப்புக் கலையாம எடுத்துட்டுப் போங்க. வெளிய போங்க."

செயலாளர் கீழே போய் வண்டியில் காத்திருப்பதாகப் பெரியவரிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். பை கைப்பிடிக் கம்பியில் உரசிக்கொண்டே போகிற சத்தம் கேட்டது.

வெல்டர் அம்மாவிடம் திரும்பினார். கோபத்துக்கு ஒரு இடம் வேண்டியிருந்தது.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சா எங்கிட்ட ஏன் சொல்லல? நாய் மாதிரி அலைஞ்சேனே. ஒவ்வொரு ஜன்னலா நின்னேனே!"

"அவருதான் சொன்னாரே உங்கிட்ட. குழி வெட்டினேன்னு."

"அது... நான் பீரங்கிக்குன்னு..."

"நீ எந்தப் பீரங்கின்னுதானே கேட்ட," என்றாள் அம்மா. "என்ன பண்ணீங்கன்னு கேக்கலியே."

"அந்தக் காது?"

"அது சின்னப் பிள்ளையில சீழ் வந்து போன காது. காது கேக்காதவன்னுதான் துப்பாக்கி குடுக்காம மண்வெட்டி குடுத்தான். வந்த புதுசுல ஊர்ல அவனவன் பீரங்கி, பீரங்கின்னான். இவரு சொல்லிப் பாத்தாரு. அப்புறம் விட்டுட்டாரு."

வெல்டர் சுவரில் சாய்ந்தார். யாரைத் திட்டுவது என்று தேடினார். ஒருவரும் அகப்படவில்லை.

அம்மா எழுந்து சமையலறைக்குப் போனாள். மேல் அலமாரியில் கழுவின பாட்டில்கள் தலைகீழாக வரிசையாக நின்றன. ஓரத்தில் தனியாக இருந்த ஒன்றை எடுத்து வந்து மகன் கையில் கொடுத்தாள். பழுப்புக் கண்ணாடி. கார்க்கும் அளவுக்குச் சீவி வைத்திருந்தது.

"அவருக்குன்னு அவரே பாத்து வெச்சது. பேரை மட்டும் எழுதல. தன் பேரைத் தானே எழுதக் கூடாதும்பாரு. நீ எழுது."

வெல்டருக்கு எழுத்து அவ்வளவு வராது. இரும்பில் சாக்பீஸால் அளவு போட்டுப் பழகின கை. தங்கை கிழித்துக் கொடுத்த காகிதத்தைக் கட்டில் ஓரத்தில் வைத்து எழுதினார். பென்சில் முனை ஒடிந்தது. மாப்பிள்ளை சட்டைப்பையிலிருந்து வேறு பென்சில் எடுத்துக் கொடுத்தார். அப்பாவின் பெயரை எழுதி முடித்தார். அப்பா யாருக்கு எழுதினாலும் பெயருக்குக் கீழே அவரவர் பார்த்த வேலையையும் எழுதுவார். வெல்டர் பென்சிலைப் பிடித்தபடி நின்றார். பிறகு எழுதினார்.

'போரில் குழி வெட்டியவர்.'

பெரியவர் கையை நீட்டினார். வாங்கி, கண்ணருகே வைத்துப் படித்தார். திருப்பிக் கொடுத்தார்.

"பாட்டில் இன்னும் இருக்கா உள்ள?"

"இருக்குங்க ஐயா."

"இருக்கட்டும். தூக்கிப் போட்டுறாதீங்க. எங்க வீடு அடுத்த தெருதான்."

கீழே சவ வண்டி வந்து ஹாரன் அடித்தது. தையல்கார அம்மாள் அப்பாவின் கன்னத்து முடிச்சை அவிழ்த்து உச்சந்தலையில் மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள். வெல்டர் சீட்டைச் சுருட்டி உள்ளே போட்டார். கார்க்கை வைத்து உள்ளங்கையால் அடித்து இறக்கினார். அடித்தது போதாது என்று தோன்றியது. விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். அதுவும் போதவில்லை.

குளியலறைக்குப் போனார். வாளியில் தண்ணீர் நிறைய இருந்தது. பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து உள்ளே முக்கினார்.

ஹாரன் மறுபடி அடித்தது. "அண்ணே, கூப்பிடுறாங்க," என்றாள் தங்கை.

"வர்றேன்."

தண்ணீர் அடங்கிக் கண்ணாடி மாதிரி ஆயிற்று. ஒரு குமிழிகூட வரவில்லை. வெல்டர் முழங்கை வரைக்கும் நனைய, கையை எடுக்காமல் பார்த்துக்கொண்டே நின்றார்.